உன் போன் கவரில் இருந்த மாதா

இன்று நம் இறால் கம்பெனி வாசலில், புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண் அறுந்த செருப்பை ஒட்டுவதற்காகச் சின்னக் குழாய்ப் பசையைத் திறந்தாள். கண்ணைக் கரிக்கும் அந்த நெடி வந்ததும் நான் எழுந்து தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விட்டேன். உன் விரல் நுனியில் எப்போதும் அந்த நெடிதான் இருக்கும். இறால் நாற்றத்தைக்கூட அது அமுக்கிவிடும்.

இறால் உரிக்கும் அறைக்குள் போனும் வளையலும் கொண்டுபோகக் கூடாது. போன்களை வாசலில் ஒரு கூடையில் போட்டுவிட்டுப் போவோம். எல்லாம் ஒரே கறுப்பு. வேலை முடிந்ததும் அடுத்தவள் போனைத் தூக்கிக்கொண்டு நடப்பதும், பாதி வழியில் எவளோ ஒருத்தியின் புருஷன் கூப்பிட்டு நம்மைத் திட்டுவதும் வாடிக்கை. "எனக்கு இந்தக் கூத்து வேண்டாம்ளா" என்று நீ உன் போன் கவரில் அடையாளத்துக்கு ஒவ்வொன்றாக ஒட்டத் தொடங்கினாய்.

எதையும் கடையில் வாங்கமாட்டாய். திரேஸ்புரம் கரையில் பொறுக்கிய சோழி, வலையிலிருந்து கழன்ற ஈயக்குண்டு, உடைந்த வளையல் துண்டு, ஜோடி தொலைந்த என் கம்மல், கப்பலுக்குப் போயிருந்த உன் புருஷனின் சட்டைப் பொத்தான். மதியச் சோறு முடிந்ததும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, பசையை விட்டு, ஒவ்வொன்றாக வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு அழுத்துவாய். நான் வாயைத் திறந்தால் தொடையில் அடி விழும். "பேசாதளா, கோணிரும்."

உன் மாமியாருக்கு அது ஆகவில்லை. "கொமருப் பிள்ள மாதிரி குப்பைய ஒட்டிக்கிட்டு அலையுதா" என்று தெருவெல்லாம் சொன்னார். ஒருநாள் பிடுங்கி எறியவும் பார்த்தார். மறுநாள் நீ, அறுந்த செபமாலையில் இருந்த மாதா பதக்கத்தைக் கொண்டுவந்தாய். சாமியார் மந்திரித்துக் கொடுத்ததை நம் ஆட்கள் குப்பையில் போடமாட்டார்கள். உடைந்து போனாலும் மண்ணில் புதைப்பார்கள். அந்தப் பதக்கத்தைக் கவரின் நடுவில் ஒட்டிவிட்டுச் சிரித்தாய்.

"மந்திரிச்ச மாதா இருக்காங்கல்லா. இனி எவ கை வைப்பா பாப்போம்."

எவளும் வைக்கவில்லை. போன் மேசையில் கிடந்தால் உன் மாமியார் மாதாவைத் தொட்டு உதட்டில் ஒற்றி முத்தி செய்துவிட்டுப் போகிறார் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். எனக்கும் அப்போது சிரிப்பு வந்தது.

உனக்கு மஞ்சள்காமாலை வந்தபோது உன் வீட்டில் பச்சிலை அரைத்துக் கொடுத்தே நாளைக் கடத்தினார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது உனக்கு நினைவு தப்பியிருந்தது. பிறகு நீ கண் திறக்கவே இல்லை. தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று அதை நான் விழுங்கிக்கொண்டேன். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து உன் வீட்டில் சாப்பாடு போட்டார்கள். உன் போன் உன் நாத்தனார் கையில் இருந்தது. பளபளவென்று புதுக் கவர். போன் எனக்கு எதற்கு? நீ உன் கையால் செய்தது அந்தக் கவர் ஒன்றுதான். உன் மாமியாரிடம் போய், "மாமி, அந்தப் பழைய கவர எனக்குத் தாரியளா?" என்று கேட்டேன்.

அவர் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. "அதையா கேக்க? மாதாவ மட்டும் கத்தியால பைய நெம்பி எடுத்து பீடத்துல வச்சிட்டேன்ளா. மத்த குப்பைய அள்ளித் தூரப் போட்டாச்சு."

நீ காவலுக்கு வைத்த மாதா உன்னையும் காக்கவில்லை, உன் கவரையும் காக்கவில்லை. மாதா மட்டும் பத்திரமாகப் பீடம் ஏறிவிட்டார். இலையில் உட்காராமல் வந்துவிட்டேன்.

இப்போது ஞாயிறு பூசையில் உன் மாமியார் எனக்கு முன் வரிசையில்தான் இருக்கிறார். சமாதானம் சொல்லும் நேரத்தில் எல்லாரும் அக்கம்பக்கம் திரும்பிக் கைகூப்புவோமே, அப்போது அவர் முதலில் என்னைத்தான் பார்த்துக் கும்பிடுகிறார். கண் கலங்கியிருக்கிறது. என்னைப் பார்த்தால் உன் நினைவு வரும்போல. நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பேன். நீ பக்கத்தில் இருந்தால், "விடுளா, வயசான மனுஷி" என்று என் கையைப் பிடித்துக் கும்பிட வைத்திருப்பாய்.

இந்த ஞாயிறும் அவர் கும்பிட்டார். அவருக்கு நான் தர வேண்டிய அந்த ஒரு கும்பிடு இன்னும் என் கையிலேயே இருக்கிறது. தரமாட்டேன்.