சிவப்பில் வந்த பெயர்

அக்கா,

இன்று காலை ஒரு வேலை கொடுத்தார்கள். மில்லில் இப்போது இல்லாதவர்களின் பெயர்களைக் கம்ப்யூட்டர் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்தேன். உங்கள் பெயர் வந்ததும் கை நின்றுவிட்டது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே பஸ்ஸில் பழக்கமானோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்கு முந்தின நிறுத்தத்தில் ஏறி, சாப்பாட்டுப் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பீர்கள். ராஜபாளையம் வரும்வரை பேச்சு ஓயாது. "கம்ப்யூட்டரு முன்னால எம்புட்டு நேரந்தான் உக்காந்திருப்ப? கண்ணு வலிக்காதா?" என்பீர்கள். நீங்கள் கீழே பேண்டேஜ் துணி நெய்யும் தறிகளில். நான் மாடியில். யார் எத்தனை மீட்டர் ஓட்டினார்கள் என்று தறிகளிலிருந்து வரும் எண்களைத் தொகுத்து, திங்கள்தோறும் மேனேஜருக்கு ரிப்போர்ட் கொடுப்பது என் வேலை. குறைவாக ஓட்டியவர் பெயர் சிவப்பில் வரும். உங்களிடம் 'ஆபீஸ் வேலை' என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

ஒரு திங்களன்று உங்கள் பெயர் சிவப்பில் வந்தது. அப்படியே அனுப்பிவிட்டேன். "புதுசா வந்த புள்ள நல்லா போட்டிருக்கு" என்று மேனேஜர் கூட்டத்தில் பாராட்டினார். புதன்கிழமை மேசையை ஒழுங்குபடுத்தும்போதுதான் மெக்கானிக் எழுதிக் கொடுத்திருந்த சீட்டைப் பார்த்தேன். மோட்டார் எரிந்து உங்கள் தறி இரண்டு நாள் நின்றிருக்கிறது. அந்த நேரத்தை நான் கழித்திருக்க வேண்டும். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்ற பயம். அடுத்த வாரம் சரியாகப் போட்டுக்கொள்ளலாம் என்று சீட்டை ஃபைலுக்குள் செருகிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை உங்களை மடிப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். இருபது வருஷம் தறி ஓட்டியவர் நீங்கள். அன்று மாலை பஸ்ஸில் கேட்டீர்கள்:

"ஏட்டி, மாடியில அந்த லிஸ்ட்ட யாரு போடுதா?"

"தெரியலக்கா."

"தறி நின்னா நானாட்டி ஓட வைக்க முடியும்? போட்டவுக கீழ வந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல."

நான் செல்போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். அடுத்த ரிப்போர்ட் சரியாகத்தான் போனது. ஆனால் தறி ஓட்டுபவர்களில் நீங்கள் இல்லை.

ஒரு வருஷம் கழித்து, நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பவில்லை. பதினாறாம் நாள் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். கூட்டம் கலைந்த பிறகு உங்கள் வீட்டுக்காரரிடம், "அந்த லிஸ்ட்ட போட்டது நாந்தான்ணே" என்றேன்.

"அவளுக்கு அப்பவே தெரியும்மா. சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. 'பாவம், சின்னப் புள்ள, மிஷினு சொல்லுதத எழுதுது'ன்னா."

தெரிந்துகொண்டேதான் அந்த ஒரு வருஷமும் எனக்கு இடம் பிடித்திருக்கிறீர்கள்.

மிஷின் மேல் தப்பில்லை என்று, சீட்டை மறைத்ததையும் அவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "இத எங்கிட்ட சொல்லி என்னம்மா?" என்றார். மறுநாள் மேனேஜரிடமும் சொன்னேன். பழைய கதை, விடு என்றார்.

இப்போதெல்லாம் சிவப்பில் யார் பெயர் வந்தாலும் கீழே இறங்கிப் போகிறேன். தறிச் சத்தத்தில் கத்தித்தான் கேட்க வேண்டும். என்ன ஆச்சு, தறி நின்றதா, உடம்புக்கு முடியவில்லையா என்று விசாரித்து எழுதிக்கொண்டு வருகிறேன். அவர்கள் என்னை நல்ல பிள்ளை என்கிறார்கள். இல்லை என்று சொல்ல இன்னும் எனக்கு வாய் வரவில்லை, அக்கா.