மாலை விருந்துக்கு எந்தக் காலுறை?

அபர்தீன் துறைமுகம்
12 அக்டோபர் 1993

அன்புள்ள லாக்லனுக்கு,

நீயும் அம்மாவும் நலம்தானே? நடுக்கடல் எண்ணெய்க் கிணறுகளுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு நாளைக் காலை கப்பல் கிளம்புகிறது. அதற்குள் உன்னிடம் ஓர் உதவி.

ஜனவரி 28 அன்று உங்கள் ஊர் ஷிண்டி ஆட்டக் கழகத்தின் மாலை விருந்துக்கு உன் அம்மா மோராக் என்னை அழைத்திருக்கிறார். குடும்ப மேசையில், அவர் பக்கத்தில். நானோ ஷெட்லாந்துக்காரன். எங்கள் தீவுகளில் கில்ட் பாவாடை கட்டும் வழக்கமே கிடையாது. கில்டும் கறுப்புக் கோட்டும் வாடகைக்குச் சொல்லிவிட்டேன். கடைக்காரர், "காலுக்கு என்ன சார்? வெள்ளையா, பச்சையா, கட்டம் போட்டதா?" என்றதும் திருதிருவென்று விழித்தேன். மோராக்கைக் கேட்டால், "எதையாவது மாட்டிட்டு வாங்க" என்கிறார். அப்படிப் போய் அவர் அண்ணன் முன்னால் அவரைத் தலைகுனிய வைக்க எனக்கு மனமில்லை. நீ சொல்வதையே போட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
மேக்னஸ் இஸ்பிஸ்டர்


ஓபன்
20 அக்டோபர் 1993

மதிப்பிற்குரிய திரு. இஸ்பிஸ்டர் அவர்களுக்கு,

காலுறை விஷயத்தில் காலை விட்டுவிட்டீர்கள். இனி எடுப்பது கஷ்டம். குறித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளை வேண்டாம். அது வாடகைக் கடைக்காரன் மாப்பிள்ளைகளின் தலையில், மன்னிக்கவும், காலில் கட்டுவது. ஒரே நிறத்தில் தடித்த கம்பளி பகலுக்கு, மலையேற, மாடு பார்க்க. மாலைக்கு என்றால் மெல்லிய கம்பளியில், வைர வைரமாகக் கட்டம் போட்டது. மேல்மடிப்பு முழங்காலுக்கு நான்கு விரல் கீழே நிற்க வேண்டும். வலது காலுறையில் செருகிய சின்னக் கத்தி, பிடி மட்டும் எட்டிப் பார்க்கலாம்.

இது எல்லோருக்கும். எங்கள் குடும்பத்துக்கு இன்னொன்று உண்டு. எங்கள் வீட்டுப் பெண்ணின் பக்கத்து நாற்காலியில் உட்காரும் ஆண், அன்று அணியும் காலுறையைத் தன் கையாலேயே பின்னியிருக்க வேண்டும். இரண்டையும். ஹெக்டர் மாமா தொட்டுப் பார்ப்பார். கடைச்சரக்கு என்றால் அவர் முகம் போகிற போக்கு இருக்கிறதே!

முடியாதென்றால் வெட்கப்பட வேண்டாம். கப்பலில் வேலை என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். அந்த நாற்காலியில் ஏழு வருஷமாக, அப்பா கனடா போனதிலிருந்து, நான்தான் உட்காருகிறேன். இந்த வருஷமும் சமாளித்துக்கொள்வேன்.

தங்கள் பணிவுள்ள,
லாக்லன் காம்ப்பெல்


வட கடலிலிருந்து
19 நவம்பர் 1993

அன்புள்ள லாக்லனுக்கு,

நல்லவேளை, முன்கூட்டியே சொன்னாய். என் நான்கு அக்காக்களும் பின்னும்போது நூல்கண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததோடு சரி, நான் ஊசியைத் தொட்டதில்லை. எங்கள் சமையற்காரர் சொல்லித் தருகிறார். கரும்பச்சையும் சிவப்பும் எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு வைரத்துக்கும் தனி நூல். பின்பக்கத்தில் பதினெட்டு வால்கள் தொங்குகின்றன. கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தால் பதினெட்டும் மறுபக்கம் போய்ச் சிக்கிக்கொள்கின்றன. முதல் காலுறையை மூன்று முறை பிரித்துவிட்டேன்.

ஒரு சந்தேகம். வைரத்தின் குறுக்கே மெல்லிய கோடு ஓட வேண்டுமா?

அன்புடன்,
மேக்னஸ்


ஓபன்
2 டிசம்பர் 1993

மதிப்பிற்குரிய திரு. இஸ்பிஸ்டர் அவர்களுக்கு,

ஓட வேண்டும். வெள்ளைக் கோடு, இரண்டு பக்கமும்.

நிஜமாகவே பின்னுகிறீர்களா? அலையில் ஊசி கையில் குத்தாதா? சும்மா கேட்டேன். நேரம் போதாவிட்டால் விட்டுவிடுங்கள். நான் மாமாவிடம் பேசிக்கொள்கிறேன்.

லாக்லன்


ஓபன்
31 ஜனவரி 1994

அன்புள்ள மேக்னஸ்,

சனிக்கிழமை விடியும் முன்பே கப்பலுக்கு ஓடிவிட்டீர்கள். விருந்தில் என் பக்கத்திலிருந்து தெரிந்ததை நீங்கள் பார்த்திருக்க முடியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் வாசலில் நின்றபோது கூடத்தில் அறுபது ஆண்கள் இருந்தோம். அத்தனை காலும் வெள்ளை, வரிசையாகப் பால்புட்டி அடுக்கிய மாதிரி. என் காலும் வெள்ளைதான். ஆமாம், வாடகை. நீங்கள் உள்ளே நடந்து வந்தீர்கள். பச்சையும் சிவப்பும் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை இறங்கி, வைரங்களின் முனைகள் நடுக்காலில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, குறுக்கே அந்த வெள்ளைக் கோடு. இடது காலில் ஒரே ஒரு வைரம் மட்டும் கொஞ்சம் கோணல். குழல் வாசித்துக்கொண்டிருந்தவர் ஒரு சுரம் விட்டார். நான் மூச்சையே விட்டேன்.

ஹெக்டர் மாமா எழுந்து வந்து, நூறு கிலோ உடம்போடு உங்கள் முன்னால் மண்டியிட்டார்.

"ஏங்க, இது யாரு பின்னுனது?"

"நான்தான்."

"சும்மா சொல்லாதீங்க!"

"உங்க மேசையில உக்கார்றவங்க தானே பின்னிப் போடணும்னு வழக்கமாமே."

"யாரு சொன்னா?"

 நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. "எங்கேயோ கேள்விப்பட்டேன்" என்றீர்கள்.

மாமா தன் காலைப் பார்த்தார். கூடத்திலிருந்த கால்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார். "அப்போ நாமதான்டா மறந்துட்டோம்" என்றார். அம்மாவும் எழுந்து வந்தார். குனிந்து அந்தக் கோணல் வைரத்தை ஒரு விரலால் தொட்டார். அம்மாவின் அந்த முகத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. பார்த்துவிட்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. நாற்காலியை விட்டு எழுந்தேன். யாரும் என்னை எழச் சொல்லவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நான் எழுதியதில் முக்கால் நிஜம். மீதிக் கால், உங்கள் காலை வாருவதற்காக எழுதியது. அப்படி ஒரு வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை, எந்தக் குடும்பத்திலும் இல்லை. நீங்கள் வராமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். திட்டி ஒரு கடிதம் எழுதுங்கள். முழுவதும் படிப்பேன்.

லாக்லன்


அபர்தீன் துறைமுகம்
9 பிப்ரவரி 1994

அன்புள்ள லாக்லனுக்கு,

தெரியும். உன் முதல் கடிதத்தை நவம்பர் கடைசியில் சமையற்காரரிடம் படித்துக் காட்டினேன். சிரித்த சிரிப்பில் அவர் சூப்பைக் கொட்டிவிட்டார்.

ஆனாலும் பின்னினேன். ஒரு பையன் தன் அம்மாவின் பக்கத்து நாற்காலியை விட்டுக்கொடுக்க விலை கேட்கிறான். கேட்டது நியாயமான விலையாகவே எனக்குத் தோன்றியது. கடைச்சரக்கை நீட்டினால் நீ ஏன் எழ வேண்டும்?

இப்போது நான் கேட்கிறேன். மார்ச்சில் கப்பல் வேலையை விடுகிறேன். ஓபன் படகுத்துறையில் வேலை கிடைத்திருக்கிறது. வீட்டுக்கே வந்துவிடச் சொல்கிறார் மோராக். லாக்லனைக் கேட்காமல் பதில் இல்லை என்று சொல்லியிருக்கிறேன். வேண்டாம் என்றால் ஒரு வரி போதும். துறைக்குப் பக்கத்தில் அறை பார்த்துக்கொள்வேன். உன்மேல் வருத்தமும் இருக்காது.

மேக்னஸ்


ஓபன்
14 பிப்ரவரி 1994

அன்புள்ள மேக்னஸ்,

ஹெக்டர் மாமாவிடம் நானே போய் உண்மையைச் சொன்னேன். நம்ப மறுக்கிறார். "பெரியவங்க வழக்கத்தைப் பொய்யின்னு சொல்றியே, உனக்கு என்னடா தெரியும்?" என்று என்னையே விரட்டினார். கம்பளி நூல் வாங்கியாகிவிட்டது. அடுப்புப் பக்கத்தில் அவரும், கழகத்துக் கோல்கீப்பரும், ஊர்ப் பல் டாக்டரும் ஊசியோடு உட்கார்ந்து, பாதிரியார் காதில் விழக்கூடாத வார்த்தைகளாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மூவரும் குதிகால் பின்னுவதில் மாட்டிக்கொண்டார்கள். நீங்கள் வந்து காப்பாற்றாவிட்டால் அடுத்த விருந்தில் இந்த ஊர் ஆண்களுக்கெல்லாம் வெறுங்கால்தான்.

மாடியில் கிழக்குப் பக்க அறை. என் சைக்கிளையும் மீன்பிடி வலையையும் அதிலிருந்து எடுத்துவிட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அதை நீங்கள் சொல்வதுதான் சரி.

வாருங்கள்.

லாக்கி