ஒரு கரண்டிக்கு இரண்டு சொட்டு

தோங், இசிக்-குல் ஏரிக்கரை
நவம்பர் 9

என் அக்கா பெற்ற ஒரே பெண், தெற்கே ஜலாலாபாத் பக்கத்து வயல்களுக்கெல்லாம் வாசனை கொடுக்கும் பெகிமாய்க்கு,

உன் தாய்மாமன் எசன்பெக் எழுதுவது. ஆடு மாடு சுகமா, அடுப்பு சுகமா, மாப்பிள்ளை தாலாய் சுகமா? இங்கே கால்நடைகளும் நாங்களும் சுகம். ஏரியும் வைத்த இடத்திலேயே இருக்கிறது.

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதே. உட்கார். தேநீரை ஊற்றிப் பக்கத்தில் வைத்துக்கொள். சேதி அப்படிப்பட்டது! நான் ஐந்து நாளாகத் தூங்கவில்லை. உன் அத்தை பாத்மா நான் குறட்டை விட்டதாகச் சொல்கிறாள், அதை நம்பாதே. சேதியை முதல் வரியிலேயே போட்டு உடைக்கிற ஆள் நான் இல்லை, முதலிலிருந்தே வருகிறேன். பக்கத்தைத் திருப்பிக் கடைசியைப் பார்த்தாயோ, இங்கே எனக்குத் தெரிந்துவிடும்.

போனில் சொல்லலாமே என்பாய். உன் அம்மா வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு மண்சுவர்தான். நான் போனில் பேசினால் ஏரியின் அக்கரையில் கேட்கும். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்காதா?

அக்கா பிள்ளை தாய்மாமனிடம் மூன்று முறை கேட்கலாம். மூன்று முறையும் மாமன் இல்லை என்று சொல்லக் கூடாது. அது நம் சனங்களின் சட்டம். ஐந்து வயதில் நீ முதல் தடவை கேட்டாய், நெற்றியில் வெள்ளை விழுந்த குதிரைக்குட்டி. மறு பேச்சில்லாமல் கயிற்றை உன் கையில் கொடுத்தேன். இரண்டாவது தடவை, நாலு வருடத்துக்கு முன்னால். மருத்துவ உதவியாளர் படிப்பில் கடைசி வருடம். வெள்ளைக் கோட்டோடு நீ வாசலில் வந்து நிற்பாய் என்று உன் அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். நீ என்னிடம் வந்து, "மாமா, என்னைத் தாலாய்கிட்டக் கொண்டுபோய் விடுங்க" என்று நின்றாய். தெற்கத்திப் பையன், யாரென்றே தெரியாது. ஆனாலும் கேட்டது நீ. என் மாஸ்க்விச் காரில் இரண்டு கணவாய் தாண்டி ஒன்பதே மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டேன். (வழியில் கார் நின்றுபோய் இரண்டு நாள் ஆனது என்று பாத்மா தோளுக்குப் பின்னால் நின்று சொல்கிறாள். இவளுக்கு எழுதப் படிக்கத் தெரிந்தது என் கெட்ட காலம்.)

அதற்குப் பிறகு உன் அம்மா என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை. உன்னோடு நாலு வருடம். யாராவது உன் பெயரை எடுத்தால் எழுந்துபோய்க் கம்பளியை உதறுவாள். இந்த நாலு வருடத்தில் நம் தெருவிலேயே சுத்தமான கம்பளி உன் அம்மாவுடையதுதான்.

செப்டம்பரில் உங்கள் பக்கத்திலிருந்து உருளைக்கிழங்கு ஏற்ற வந்த குபாத் தன் லாரியிலிருந்து உன் பெட்டியை இறக்கினான். வைக்கோலுக்குள் லாவெண்டர் எண்ணெய் நாலு பாட்டில், புதினா எண்ணெய் இரண்டு. எத்தனை சொட்டு, எதில் கலக்க வேண்டும் என்று ஒரு தாள். அடியில் உன் சீட்டு. "மாமா, இது என் மூணாவது. அம்மாவோட தலைவலிக்கு இந்த எண்ணெயைப் பூசணும். யார் காய்ச்சினதுன்னு தெரிஞ்சே பூசிக்கணும்."

படித்துவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன், மருமகளே. குதிரைக்குட்டி கேட்டாய், என்னிடம் குட்டி இருந்தது. கார் கேட்டாய், கார் இருந்தது. உன் அம்மாவின் மனசு என் கொட்டிலிலா கட்டிக் கிடக்கிறது, அவிழ்த்துக் கொடுக்க?

அதனால் பாதியை மட்டும் செய்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதே. தலைவலியில் அவள் கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருந்த அன்று, ஒரு கரண்டி ஆப்ரிகாட் கொட்டை எண்ணெயில் இரண்டு சொட்டு லாவெண்டர் கலந்து நெற்றிப் பொட்டில் தடவினேன். அரை மணி நேரம் கழித்து எழுந்து உட்கார்ந்து, "எங்கடா கிடைச்சுது இது?" என்றாள். உன் பெயர் நாக்கின் நுனி வரை வந்தது. கம்பளி ஞாபகம் வந்தது. "நானே காய்ச்சினேன் அக்கா" என்றுவிட்டேன்.

சொன்ன பிறகு காய்ச்ச வேண்டாமா? பால் கேனை அடுப்பில் ஏற்றி, தேநீர் கொதிக்க வைக்கும் பழைய சமோவாரின் குழாயைச் செருகி, முற்றத்தில் புகை போட்டேன். உள்ளே வெறும் தண்ணீர்தான். இரண்டு நாள் கொதித்தது. உன் அம்மா பேசாமல் விறகு எடுத்து எடுத்துக் கொடுத்தாள். நல்ல அக்கா என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஊரில் நடந்ததைக் கேள்! குளிர் இறங்கியதும் ஊருக்கே மூக்கடைப்பு. வெந்நீர்ப் பாத்திரத்தில் மூன்று சொட்டுப் புதினா, தலைக்கு மேல் ஒரு போர்வை, ஐந்து நிமிடம் ஆவி. தலைவலிக்காரர்களுக்கு லாவெண்டர். ஒரே நாளில் நாற்பது பேர் வரிசையில்! (பதினொன்று என்கிறாள் பாத்மா.) கால் வலி என்று வந்தவரும் ஆவி பிடித்துவிட்டுப் போனார், வாசனை நன்றாக இருக்கிறது என்று. என்னை டாக்டர் எசன்பெக் என்று கூப்பிடுகிறார்கள். சிரித்துக்கொண்டே கூப்பிடுகிறார்கள், ஆனாலும் கூப்பிடுகிறார்கள்.

நம் ஊர் மருத்துவ உதவியாளர் சாய்ராகுலை உனக்குத் தெரியும், உன்னோடு படித்தவள்தானே. ஒரு நாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "எசன்பெக் அண்ணே, கைக்குழந்தைங்க பக்கம் புதினாவைக் கொண்டுபோகக் கூடாது. எதையும் யாருக்கும் குடிக்கக் கொடுக்கக் கூடாது. மூக்கடைச்சா உங்ககிட்ட வரட்டும், மூச்சடைச்சா என்கிட்ட அனுப்பிடணும். புரியுதா?" என்றாள். நான் யோசித்து ஒப்புக்கொள்வது போல் ஒப்புக்கொண்டேன். போகும்போது தன் தொண்டைக்கட்டுக்கு அவளும் ஆவி பிடித்துவிட்டுத்தான் போனாள்.

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன். தேநீரைக் குடித்துவிட்டாயா? குடித்துவிடு.

சனிக்கிழமை நம் முற்றத்து நீராவிக் குளியலறையில் ஆண்கள் முறை. முதல் பனி விழுந்திருந்தது. உள்ளே நான், மறுபடி உருளைக்கிழங்கு ஏற்ற வந்திருந்த குபாத், ஊர்ப் பெரியவர்கள் இருவர். கல் நெருப்பாய்க் காய்ந்திருந்தது. குபாத், "டாக்டர், உங்க மருந்தை இங்க கொஞ்சம் காட்டுங்க" என்றான். உன் தாளில் ஒரு வாளி தண்ணீருக்கு மூன்று சொட்டு என்று இருந்தது. இவ்வளவு பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருக்கும்போது மூன்று சொட்டா? கால் பாட்டில் புதினாவைக் கரண்டித் தண்ணீரில் கொட்டிக் கல்லின் மேல் வீசினேன்.

மருமகளே, அந்த ஆவி ஆவியே இல்லை. கண்ணில் பனிப்புயல் புகுந்தது போல. கண் எரிகிறது, உடம்பு நடுங்குகிறது, மூச்சை இழுத்தால் மண்டைக்குள் காற்றடிக்கிறது. அத்தனை சூட்டிலும் குளிர்! பெரியவர்கள் இருவரும் ஆளுக்கொரு துண்டோடு வெளியே ஓடினார்கள். எழுபது வயதுக்காரர் வேலியைத் தாண்டிவிட்டார். (வேலிக்கதவு திறந்துதான் இருந்ததாம்.) குபாத் பனியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டான்.

அவன் கூப்பிட்ட அம்மா எங்கேயோ இருந்தாள், வந்தது உன் அம்மா. மாடு கறந்து முடித்து வந்துகொண்டிருந்தவள் பால் வாளியைக் கீழே வைத்தாள், தண்ணீர் வாளியை எடுத்தாள், எல்லோருக்கும் முகத்தைக் கழுவிவிட்டாள். கழுவி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"உனக்கு அறிவு இருக்காடா? ஒரு கரண்டி எண்ணெய்க்கு ரெண்டு சொட்டு, ஒரு வாளி தண்ணிக்கு மூணு சொட்டுன்னு என் பொண்ணு தெளிவா எழுதி அனுப்பியிருக்கா. கால் பாட்டிலைக் கவுத்துவியா? அவ வெயில்ல நின்னு அறுத்துக் காய்ச்சினது, உனக்கு என்ன கால் கழுவுற தண்ணியா?"

என் பொண்ணு என்றாள், பெகிமாய்! பெரியவர்கள் முன்னால், குபாத் முன்னால், வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் முன்னால், சத்தமாக! அந்த எரிச்சலிலும் எல்லோரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள். அப்போதுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது போலிருந்தது. வாளியைப் பிடித்தபடி நின்றாள். பிறகு சொன்னாள், "என்ன பாக்குறீங்க? நாலு வருஷமா எனக்குப் பொண்ணு இல்லாமலா போயிட்டா?"

அவள் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள், நான் துண்டைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். எப்போது தெரியும் என்று கேட்டேன். "மொத நாளே தெரியும். நீ வெந்நீர் வெச்சாலே அடி பிடிக்கும். நீ காய்ச்சின எண்ணெயில தீஞ்ச வாடை வராம இருக்குமா? உன் கோட்டைத் தைக்க எடுத்தப்ப அந்தத் தாளும் சீட்டும் பையிலதான் இருந்துச்சு. வெறும் தண்ணிய ரெண்டு நாள் கொதிக்க வெச்ச, நானும் விறகு எடுத்துக் கொடுத்தேன். வேற என்ன பண்ணச் சொல்ற?"

தெரிந்தும் எதற்குப் பூசிக்கொண்டாய் என்றேன். "தலை வலிச்சுது, பூசிக்கிட்டேன்" என்றாள்.

உன் சீட்டை எடுத்து மறுபடி படித்தேன். தெரிஞ்சே பூசிக்கணும் என்றுதானே கேட்டிருந்தாய்? தெரிந்தேதான் பூசிக்கொண்டிருக்கிறாள். இருபத்தாறு நாள், ஒவ்வொரு நாளும், தெரிந்தே. இந்த இருபத்தாறைப் பாத்மா திருத்தவில்லை. சுவரில் கோடு போட்டு எண்ணியது அவள்தான்.

நாளை விடிந்ததும் குபாத் தெற்கே கிளம்புகிறான். காலி பாட்டில்களை வைக்கோல் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். வந்த பாத்திரத்தை நாம் வெறுமனே திருப்பி அனுப்புவதில்லை. கொஞ்சம் குருத் என்கிற உலர்ந்த தயிர் உருண்டை, கொஞ்சம் உலர்ந்த ஆப்ரிகாட் சேர்த்து வைக்கலாம் என்றிருந்தேன். உன் அம்மா கையில் ஒரு மூட்டையோடு வந்தாள். பிரித்தால், உன் சீருக்காக அவள் தைத்த ஒட்டுத்துணி மெத்தை. உனக்கு ஒன்பது வயதில் தைக்க ஆரம்பித்தாளே, அதே மெத்தை. எலி கடித்துவிட்டது, எரித்துவிட்டேன் என்று ஊருக்குச் சொன்னாளே, அதே மெத்தை. ஓரத்தில் நூல் புதிதாக இருக்கிறது. நடுவில் அந்தச் சிவப்புத் துண்டு, நீ முதல் நாள் பள்ளிக்கூடம் போன கவுன். நான் அதையே பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "பாட்டில் உடையாமப் போகணும்ல, அதுக்குத்தான்" என்றாள்.

விரல் உயரத்தில் ஆறு காலிக் கண்ணாடி பாட்டில்கள். அவற்றுக்கு ஓர் ஆள் படுக்கிற மெத்தை. என் வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. பாத்மாவே பயந்துபோய் எனக்குக் காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தாள்.

வாசல் வரை போன உன் அம்மா திரும்பி நின்று, "தூக்கம் வராதவங்களுக்கு லாவெண்டர் எத்தனை சொட்டு, அதை எங்க வைக்கணும்னு கேட்டு எழுது. தாள்ல அது மட்டும் இல்ல" என்றாள். யாருக்கு என்று கேட்டேன். "கேட்டு எழுதுடா" என்று போய்விட்டாள்.

அதனால் இப்போது மாமன் மருமகளிடம் கேட்கிறேன். மாமன் கேட்கக் கூடாது என்று எங்கேயும் எழுதிவைக்கவில்லை. மூன்று கூட வேண்டாம், ஒன்றே ஒன்று. அந்தக் கேள்விக்குப் பதில் எழுதி அனுப்பாதே. அனுப்பினால் நான் தொலைத்துவிடுவேன், இப்போதே சொல்லிவிடுகிறேன். பாட்டில்களை நிரப்பி எடுத்துக்கொண்டு, கணவாய்ப் பாதை அடைபடுவதற்குள், மாப்பிள்ளையோடு நீயே வா. கார் வேண்டுமென்றால் என் மாஸ்க்விச் தயார், இந்தத் தடவை எட்டு மணி நேரத்தில் அழைத்து வருவேன். பாத்மா எதுவும் சொல்லவில்லை.

உன் பாதையில் பனி இறங்காமல் இருக்கட்டும். உன் வயலில் பூவும் உன் வீட்டில் பிள்ளைக் குரலும் பெருகட்டும். உன் அம்மாவின் தலையணையில் சொட்டுகளை உன் கையாலேயே எண்ணிவிடு. அவள் தூங்கட்டும்.

நீ கேட்ட எதற்கும் இல்லை என்று சொல்லாத மாமன்,
எசன்பெக்