மெமரி போயிடுச்சு

ஜூன் 10, செவ்வாய்

காலையிலேயே காற்று. தெருவெல்லாம் புழுதி.

"டீச்சர், பார்க்க ஒரே மாதிரி இருந்தா ரெண்டும் ஒண்ணுதானே?" நான் கணக்கு டீச்சராக இருந்தபோது, முக்கோணப் பாடத்தில் ஒருத்தி கேட்டது. அன்று செருப்பைச் சொன்னேன். ஆறாம் நம்பரும் ஒன்பதாம் நம்பரும் ஒரே வடிவம்தான், மாற்றிப் போட்டு நடந்து பார் என்று.

கம்ப்யூட்டர் நேற்றிலிருந்து எழவில்லை. பீப், பீப், கறுப்புத் திரை. மெமரி போய்விட்டது என்கிறார் எதிர்வீட்டு எஞ்சினியர். உள்ளேயிருக்கும் அந்த மெமரிப் பட்டையைக் கழற்றி, பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டியும் பலனில்லை.

சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடை. அது மாட்டுகிற மதர்போர்டு பழசு என்று சொல்லித்தான் மெமரி கேட்டேன். "எல்லாம் ஒண்ணுதாம்மா, மாட்டுங்க." வீட்டில் வந்து பார்த்தால் உட்காரவில்லை. அதே நீளம், ஆனால் நடுவிலுள்ள வெட்டு கொஞ்சம் தள்ளி. இது டிடிஆர் 3 என்ற பிந்தைய ரகம். நம் போர்டுக்கு டிடிஆர் 2தான் சேரும்.

என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு வெறும் குழறல். வலது கை எழுதாது. இடது கையால் இந்தக் கம்ப்யூட்டரில் தட்டுவதுதான் அவருடைய பேச்சு. கோர்ட்டில் டைப்பிஸ்ட்டாக இருந்தவர். எந்தச் சாவி எங்கே என்று விரலுக்கே தெரியும்.

ஜூன் 11, புதன்

வெயில். எனக்கு முதுகு வலி. அவருக்கு ஃபிஸியோ வரவில்லை.

தோஹாவிலிருந்து மகன். "புதுசு வாங்கிடுங்கம்மா." அவன் அனுப்பிய டேப்லெட் அலமாரியில் தூங்குகிறது. கை நடுங்கி நாலு எழுத்து சேர்ந்து விழுகிறது, அவருக்குக் கோபம் வருகிறது. அவருடைய பழைய டைப்பிங் சாஃப்ட்வேர் புதுக் கம்ப்யூட்டரில் ஏறாதாம்.

இன்று அவர் சைகையில் கேட்டவை: தண்ணீர், புரிந்தது. ஜன்னல், புரிந்தது. இன்னொன்று, புரியவில்லை. காலையிலிருந்து கேட்டார். மாலையில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

முசிறியிலிருந்து நாத்தனார் பவானி போன் செய்தாள். சேராத மெமரியைத் திருப்பிக் கொடுக்கப் போகும் பஸ்ஸில் இருந்தேன், ஒரே இரைச்சல். "மெமரி போயிடுச்சு, பவானி. அதான் அலைஞ்சிட்டிருக்கேன்" என்றேன். "ஐயோ அண்ணி!" என்றாள். லைன் கட்.

ஜூன் 12, வியாழன்

விடிந்ததும் வாசலில் பவானி. ஒரு கையில் வாழைத்தார், இன்னொரு கையில் பை நிறைய வல்லாரைக் கீரை.

நேரே அவரிடம் போனாள். "அண்ணா, நான் யாரு? சொல்லுங்க பாப்போம்."

அவர் வாய் திறந்தார். குழறல்தான் வந்தது.

"போச்சு! என்னையே தெரியல!" தரையில் உட்கார்ந்து அழுகை.

"அடியே, மெமரி போனது கம்ப்யூட்டருக்குடி!"

"என்னைச் சமாதானப்படுத்தாதீங்க அண்ணி. தெரிஞ்சா தலையையாவது ஆட்டியிருக்க மாட்டாரா?"

அவர் வேகமாகத் தலையை ஆட்டினார். "பாருங்க, வலிப்பு வேற" என்றாள். சிரிப்பு வந்தது எனக்கு. அவரைப் பார்த்ததும் நின்றுவிட்டது. கண்ணில் தண்ணீர். எல்லாம் தெரிந்தும், தெரியும் என்று சொல்ல வழியில்லை.

மதியம் வல்லாரைத் துவையல். சாப்பிட மறுத்துவிட்டார்.

பிறகு மறுபடி சத்திரம். இன்னொரு கடையில் டிடிஆர் 2 கிடைத்தது, ஒரே துண்டில் நாலு ஜிபி. வெட்டு சரியாக உட்கார்ந்தது. ஆனாலும் அதே பீப். நம் போர்டு மெமரி மாட்டும் ஒரு ஸ்லாட்டுக்கு ரெண்டு ஜிபிக்கு மேல் ஏற்காதாம். கால்படி டம்ளரில் குடத்தைக் கவிழ்த்த கதை.

ஜூன் 13, வெள்ளி

கால் வீக்கம். போக வேண்டாம் என்றிருந்தேன். போனேன்.

பழைய சாமான் விற்கும் பாய் கடை. இந்த முறை நம் மெமரியைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். "இது எல்லாரும் தூக்கிப் போட்ட சாமான் டீச்சர். இன்ஷா அல்லாஹ், இருக்கும், தேடுவோம்." ரெண்டு பேரும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அட்டைப்பெட்டியைக் கிளறினோம். அடியில் ஒரு ஜோடி, ஒவ்வொன்றும் ஒரு ஜிபி. வெட்டும் மேலே அச்சிட்ட எழுத்தும் அதே.

வீடு. மாட்டினேன். ஒரே ஒரு பீப். திரை வெளுத்தது. நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தேன். இடது கை, ஒற்றை விரல். பவானி என் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"பவானி. கடைசித் தங்கச்சி. ஆறாம் வகுப்பில் கணக்கில் பெயில், அப்பாவிடம் சொல்லவில்லை."

"ஐயோ அண்ணா! இதெல்லாம் எதுக்கு ஞாபகம் வச்சிருக்கீங்க!" மறுபடி அழுகை. அவர் இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறார். நிறுத்துவதாக இல்லை.

மெமரி தேடிப் போகிறவர்கள் பழையதைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். புதியதன் மேல் வைத்து, வெட்டோடு வெட்டு சேர்கிறதா என்று பாருங்கள்.