ஒரு மண்டலம் காளான்

அன்பு மகள் கீதாஞ்சலிக்கு அப்பா எழுதுவது. அண்ணாமலையார் தயவில் நான் நலம், தம்பி வளவன் முக்கால் நலம், அந்த ஜெர்மனிக் குளிரில் நீயாவது முழு நலமாய் இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய், போனில் எனக்கு வேடிக்கைப் பேச்சுதான் வருகிறது, பக்கத்தில் தம்பியும் படுத்திருக்கிறான். முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வகைக் காளானில் இருக்கிற போதைச் சரக்கை மாற்றி, மனசு அமுங்கிப் போனவர்களுக்கு மருந்து செய்கிறோம் என்று ஆவணியில் சொன்னாய் அல்லவா, என் எட்டாம் வகுப்பு மூளை காளான் என்ற சொல்லோடு நின்றுவிட்டது. மருந்து கைக்கு வரப் பத்து வருஷம் ஆகும் என்றாயே, அதுவரை மூலப்பொருளையாவது கொடுப்போம் என்று வேங்கிக்கால் கடையில் வெள்ளைக் காளான் பாக்கெட் வாங்கி, தினமும் காலை ஐந்தரைக்கு எழுந்து மிளகு போட்டு வறுத்துத் தம்பிக்குக் கொடுத்தேன். எனக்குக் காமாலை வந்த வருஷம் உங்கம்மா ஒரு மண்டலம் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாளே, அதே மாதிரி நாற்பத்தெட்டு நாள் என்று வைத்துக்கொண்டேன், பௌர்ணமிக்கும் பிரதோஷத்துக்கும் மட்டும் லீவு. பக்கத்துக் கடை அப்சலிடம் பெருமையாய்ச் சொல்லப்போக, நாளைக்குப் பிரியாணியா போட்டுடுங்கண்ணே, எனக்கும் மனசு சரியில்லைன்னு அவன் கேலி செய்தான்.

முப்பத்தோராம் நாள் வளவன் தட்டைப் பார்த்துக்கொண்டே, அப்பா, அக்கா சொன்னது இந்தக் காளான் இல்லப்பா, அது வேறன்னான். தெரிந்துகொண்டே ஏன்டா முப்பது நாள் வாயைத் திறக்காமல் தின்றாய் என்று கேட்டேன். “காலைல எழுந்துக்க உங்களுக்கு ஒரு வேலை இருந்துச்சு, அதான் விட்டுட்டேன்” என்றான். நான் சிரித்துவிட்டுக் கடைக்குப் போனேன். அன்றைக்கு ஒரு ஜாக்கெட்டுக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டி வைத்தேன், முப்பத்தைந்து வருஷ டெய்லர் நான்.

டெய்லருக்குப் புரிகிற மாதிரிதான் நீயும் உன் மருந்தைப் பற்றிச் சொன்னாய், இது ஆல்டரேஷன்தாம்பா, சட்டை அதே சட்டை, ஒரு கையைப் பிரிச்சுட்டு வேற கை வச்சுத் தைக்கிறோம், இல்லாததைக் காட்டுற மயக்கம் போயிடும், மனசைத் தூக்கிவிடுற குணம் நிக்கும்னு. ஆசிரமத்துக்கு வந்திருக்கிற ஒரு வெள்ளைக்கார அம்மா குர்தாவின் சுற்றளவைக் கம்மி பண்ணக் கொடுக்க வந்தபோது இதைச் சொன்னேன், அவர்களுக்குத் தமிழ் பாதி எனக்கு இங்கிலீஷ் கால். அந்த மயக்கத்தில் தெரிகிற காட்சிதான் மருந்தே, அதைப் பிரித்தால் ஒன்றும் மிஞ்சாது என்றார்கள். எனக்கென்ன தெரியும், ஒரு தையலைப் பிரித்தால் பக்கத்துத் தையல் இழுக்கும், அது மட்டும் தெரியும், பார்த்துப் பிரி. நீங்கள் மருந்து கொடுத்துப் பார்க்கிற எலி, மயக்கம் இருந்தால் தலையை உதறும், இந்த முறை உதறவில்லை என்று நீ சொன்னதில் ரொம்ப சந்தோஷம். ஆனால் மனம் விட்டுப்போன எலியைத் தண்ணீரில் விட்டால் நீந்தாமல் சும்மா மிதக்கும் என்றாயே, அதைக் கேட்டதிலிருந்து அந்த எலி என்னை விட்டுப் போகவில்லை.

இனி எழுத வந்த விஷயம். மனசுக்கென்று டாக்டரம்மா கொடுத்த மாத்திரையைத் தம்பி பதினாறு நாளாய்த் தொட்டித் தண்ணீரில் போட்டிருக்கிறான். கண்டுபிடித்துக் கேட்டதற்கு, நம்ம வீட்டில் யாருக்கும் இல்லாத கேடு எனக்கு மட்டும் வந்திருக்கு, மாத்திரையா போக்கிடும்னான். செவ்வாய்க்கிழமை டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனேன். அவர்கள் கோபிக்கவில்லை, என்னைப் பார்த்து, “உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி வந்து சரியாகியிருக்கா?” என்று கேட்டார்கள். வளவன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். அவன் என் முகத்தை நேராய்ப் பார்த்து மாசக்கணக்காகிறது. நான் என்ன சொன்னேன் தெரியுமா, எங்க வம்சத்துல யாருக்கும் மூளையே கிடையாதுங்க, அப்புறம் எங்க கெடறதுன்னேன். டாக்டரம்மா சிரித்துவிட்டார்கள். அவன் குனிந்துகொண்டான். பஸ்ஸில் வரும்போது, எனக்கு மட்டும் ஏன்ப்பான்னு மெதுவாய்க் கேட்டான், நான் ஜன்னல் கண்ணாடியை இழுத்துச் சாத்தினேன், மழை கூட இல்லை. அன்றிலிருந்து சோறும் பாதிதான், நான் ஊட்டினால் ஒரு வாய் ஜாஸ்தி.

நீ வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. உன் கை பட்ட மருந்து வீட்டுக்கு வீடு போய்ச் சேரட்டும், உண்ணாமலை அம்மனும் உன்னைப் பெற்ற உண்ணாமலையும் உனக்குத் துணை இருக்கட்டும். ஒன்று மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை போனில் இந்தக் கடிதத்தைப் பற்றித் தம்பியிடம் பேசாதே. நான்தான் அவனிடம் சொல்ல வேண்டும், ஒரு தடவை எழுதிவிட்டால் வாய்க்கு வருமா என்று பார்க்கத்தான் இந்தக் காகிதம். உங்கம்மா போன பிறகு இது தெரிந்த ஆள் நான் ஒருத்தன்தான்.

இப்படிக்கு,
வாயாடி என்று பேரெடுத்தும் வாய் வராத உன் அப்பா,
முருகையன்.

நீ இரண்டாம் வகுப்பு, தம்பி தூளியில், நான் கடையைச் சாத்திவிட்டு ஏழு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். உங்கம்மா ஊருக்கெல்லாம் காமாலை என்று சொன்னாள். நீ ஒருநாள் என் இமையை விரலால் விரித்துப் பார்த்து, கண்ணு மஞ்சளாவே இல்லியேப்பான்னு கேட்டாய். அது காமாலை இல்லை கண்ணு.