சாப்பாட்டு நேரத்துப் பாட்டு

அண்ணை, நேற்று மொன்ட்ரியால்-நோரில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆட்டிறைச்சிக் கறிச் சட்டியைத் திறந்தார்கள். அந்த மணம் மேடைக்கு வந்ததும் உங்கள் நினைவு வந்துவிட்டது. கறி மணந்தால்தானே உங்கள் முறை வரும்.

கல்யாண வீட்டார் எல்லோரும் ஒரே மாதிரித்தான் சொல்வார்கள். "முதல்ல சினிமாப் பாட்டுகளைப் பாடுங்கோ. பேந்து சாப்பாடு தொடங்க உங்கட சொந்தப் பாட்டுகளைப் பாடலாம்." நீங்கள் தலையாட்டிவிட்டு, அந்த அகன்ற விளிம்புக் கௌபாய் தொப்பியைப் போட்டுக்கொண்டு கிற்றாரோடு எழும்புவீர்கள். சனமும் எழும்பும், சாப்பாட்டு வரிசைக்கு. "மாட்டை எங்க அண்ணை கட்டினீங்கள்?" என்று யாராவது பகிடி விடுவார்கள். நான் கீபோர்டுக்குப் பின்னால் சிரிப்பை அடக்குவேன்.

பகலில் புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினீர்கள். அங்கே கூட வேலை செய்தவரின் ரேடியோவில் பிரெஞ்சில் ஓடிய கன்ட்ரி பாட்டு, அந்தக் கௌபாய் நாட்டுப்பாட்டு, அதுதான் உங்களைப் பிடித்த பேய். அதன் பிறகு பனியில் சறுக்கிய லொறி, வராத பஸ், கோபித்துக்கொண்டு படுத்த மனைவி எல்லாமே தமிழில் கன்ட்ரி பாட்டாகின. ஒருமுறை தூரத்துக் கிராமம் ஒன்றின் கன்ட்ரி விழாவில் பாடினீர்கள். தமிழில் ஒரு சொல்லும் விளங்காத பிரெஞ்சுச் சனம் எழும்பி நின்று கை தட்டியது. திரும்பும் வழியில் சொன்னீர்கள்: "விளங்காதவன் கை தட்டுறான். விளங்கிறவன் இன்னும் கொஞ்சம் சோறு கேக்கிறான்." எங்கள் சனம் ஒரு பாட்டையாவது முழுதாகக் கேட்கவேண்டும், அவ்வளவுதான் உங்கள் ஆசை. அது நடக்காமலே, போன பனிக்காலத்தில் நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோய்விட்டது.

நானும் களைத்துப்போனேன் அண்ணை. ஸ்பீக்கர் தூக்கித் தூக்கி முதுகு போய்விட்டது. நேற்றோடு கச்சேரியை விடுவதென்றுதான் போனேன். கடைசியாக உங்கள் பஸ் பாட்டை நானே பாடினேன். கரண்டிச் சத்தம் நிற்கவில்லை. ஒருவரும் நிமிர்ந்து பார்த்ததாகத் தெரியவில்லை. பாடி முடித்துவிட்டு, இனிப் போதும் என்று வயரைச் சுற்றத் தொடங்கினேன்.

அப்போது வயதான ஒருவர் கையில் தட்டோடு மேடையடிக்கு வந்தார். "பிள்ளை, தொப்பி போடுறவர் வரேல்லையோ? கடைசி அடியை அவர் இன்னும் மெதுவாத்தான் பாடுறவர்."

அவருடைய தட்டில் சோறு தொடாமலே ஆறிப்போயிருந்தது. நீங்கள் போய்விட்டதைச் சொல்லாமல், சுற்றிய வயரைத் திரும்ப அவிழ்த்தேன்.

"ஓம் ஐயா," என்றேன். "அடுத்தமுறை மெதுவாப் பாடுறன்."