அப்பா, அன்று வரிசையில் யாரும் நிற்கவில்லை

சத்தம் போட்டே ஊரை எழுப்பிய என் அப்பாவுக்கு,

நல்லா இருக்கிறீர்களா என்று எழுதத்தான் முதலில் கை போகிறது. பழக்கம், என்ன செய்ய? உங்கள் நினைவு நாள் வருகிறது. இந்த வருஷம் நினைவு மலர் ஒன்று அச்சுப் போடுகிறார்களாம். "தியாகிக்க மோளாக்கும் நீ, ஒரு பக்கம் எழுதித் தா மக்கா" என்று செல்லையா மாமா வந்து கேட்டார். நம் சாயாக்கடை பெஞ்சில் ஒரு ஓரத்தை அவருக்கென்றே விட்டு வைத்திருந்தீர்களே, அதே செல்லையா மாமாதான். சரி என்று சொல்லிவிட்டேன். எழுதுவது இதைத்தான். அச்சுப் போடுகிறவர்கள் போடட்டும்.

முதலில் ஊர்ச் செய்தி. எல்லை போட்டாச்சு அப்பா. தெற்கே விளவங்கோடு வரை தமிழ்நாட்டோடு போயிற்று, நம் பாறசாலை இந்தப் பக்கமே, கேரளத்திலேயே நின்றுவிட்டது. களியக்காவிளையில் சாலைக்குக் குறுக்கே கம்பு கட்டி வண்டியை நிறுத்துகிறார்கள். அத்தை வீட்டுக்கு மரச்சீனிக் கிழங்கு கொண்டு போனால்கூட மூட்டையை அவிழ்த்துக் காட்ட வேண்டியிருக்கிறது. கடையை அம்மா நடத்துகிறாள். சாயா இப்போதுதான் வாயில் வைக்க முடிகிறது என்று கொல்லயில் ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கடைச்சுவரில் உங்கள் படம் தொங்குகிறது. போராட்டக் கமிட்டிக்காரர்கள் கண்ணாடி போட்டுக் கொண்டுவந்து மாட்டியது. கீழே "எல்லைக்காக இரத்தம் சிந்திய தியாகி" என்று எழுதியிருக்கிறது. ஒவ்வொரு நினைவு நாளிலும் என்னை மேடையில் ஏற்றி உட்கார வைக்கிறார்கள். ஒரு கதர்த் துண்டைத் தோளில் போடுகிறார்கள். கூட்டம் கை தட்டுகிறது. எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது அப்பா. இறங்கி ஓடிவிடலாமா என்றிருக்கும். ஓடியதில்லை. குனிந்து கும்பிட்டு அந்தத் துண்டையும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

உங்களுக்குத் தெரியாததைத்தான் இனி சொல்லப் போகிறேன்.

அன்று நெய்யாற்றின்கரையில், நம் ஊரையும் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிப் போன ஊர்வலத்தில், கோஷம் போடுகிற தகரக் குழலோடு நீங்கள் முன்னால் போனீர்கள். நானும் அம்மாவும் பெண்கள் கூட்டத்தில் பின்னால் வந்தோம். "கடைசிச் சொட்டு இரத்தம் உள்ளவரை" என்று நீங்கள் எடுத்துக் கொடுப்பீர்கள், "போராடுவோம்" என்று சாலை அதிரும். சந்தை முக்கில் போலீஸ் தடியை ஓங்கியதும் கூட்டம் சிதறியது. உங்கள் மேல் ஒரு அடிகூட விழவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நீங்கள் குனிந்தீர்கள், வாயில் கையை வைத்தீர்கள், வெள்ளைச் சட்டை முழுவதும் சிவந்துவிட்டது. மாதக்கணக்காக யாருக்கும் சொல்லாமல் கையால் அமுக்கிக்கொண்டு திரிந்தீர்களே, அந்த வயிற்றுப் புண். வெறும் வயிற்றில் கடுஞ்சாயா குடிக்காதீர்கள் என்று அம்மா சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன புண். ஆனால் சனங்கள் சட்டையைத்தான் பார்த்தார்கள். "போலீசு அடிச்சுப் போட்டானுவ" என்று வாய்க்கு வாய் போயிற்று. நீங்கள் தியாகி ஆனது அங்கேதான்.

அந்த வழியாக ஒரு மீன் லாரி வந்தது. பொழியூர்க் கடற்கரையிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் போகிற லாரி. ஓட்டியவர் பெயர் லாசர். எல்லை இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதெல்லாம் அவருக்கு ஒரு பேச்சே இல்லை. "ஆளை ஏத்துங்க, பேச்சு பெறகு" என்றார். மீன் கூடைகளுக்கு நடுவே உங்களைக் கிடத்தினோம். லாரி நிறைய நம் ஆட்களும் தொற்றிக்கொண்டார்கள். வழியெல்லாம் கோஷம்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து மலையாளத்தில் சொன்னார். வயிற்றுக்குள் புண் வெடித்திருக்கிறது, இரத்தம் நிறையப் போய்விட்டது, ஆஸ்பத்திரி இருப்பில் இரத்தம் ஒன்றும் இல்லை. கூட வந்தவர்களில் இரத்தம் ஒத்துச் சேருகிறவர்கள் ஆளுக்கு ஒரு குப்பி தந்தால் வயிற்றைத் திறந்து பார்க்கலாம். இல்லையென்றால் திறக்க முடியாது.

எல்லாருக்கும் புரிந்தது. மலையாளம் தெரியாதவர் நம்மில் யார் இருக்கிறார்கள்?

ஒருவருக்குச் சாயா குடிக்கத் தோன்றியது. ஒருவருக்குக் கடைசி பஸ் ஞாபகம் வந்தது. இருவர் மூத்திரம் பெய்யப் போனார்கள், அந்த வழியே போய்விட்டார்கள். வாசலில் போலீஸ் நின்றது, பேர் எழுதுவான் என்று பயந்தோம் என்று பிறகு சொன்னார்கள். அன்று காலையில்தான் அதே போலீசிடம் சட்டையைத் திறந்து நெஞ்சைக் காட்டியவர்கள். "வீட்டுல ஒரு வார்த்த சொல்லிட்டு வாறேன் மக்கா" என்று போனவர் செல்லையா மாமா. அவர் திரும்பி வந்தது உங்களை எடுக்கிற அன்று.

இவர்களைச் சொல்ல எனக்கு என்ன தகுதி? டாக்டர் என்னையும் பார்த்தார். அம்மா உடனே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கல்யாணம் ஆவாத பெண்ணு டாக்டரே" என்றாள். நான் அந்தக் கையை உதறியிருக்கலாம். உதறவில்லை. உள்ளுக்குள் அப்பாடா என்று இருந்தது. அதை எழுத இத்தனை நாள் ஆயிற்று.

கடைசியில் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்தவர் லாசர். "எனக்க ரெத்தத்த எடுத்துப் பாருங்க" என்றார். சேர்ந்தது. ஒரு குப்பி கொடுத்துவிட்டு, கையில் பஞ்சை அமுக்கியபடி, "மீன் கெட்டுப்போவும், நான் வாறேன்" என்று லாரியில் ஏறிப் போனார். இதுவரை எந்த மேடையிலும் அவர் பெயரை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த ஒரு குப்பிதான் மறுநாள் உங்களைக் கண் திறக்க வைத்தது. வெயில் ஜன்னல் வழியாகக் கட்டிலில் விழுந்திருந்தது. குப்பி இறங்கியதைப் பார்த்திருப்பீர்கள் போல. "ஆரு மக்கா ரெத்தம் தந்தது?" என்று கேட்டீர்கள்.

"எல்லாரும் தந்தாவ அப்பா. வரிசையா நின்னாவ. போரும் போரும்னு டாக்டர் சொல்ல வேண்டியதாப் போச்சு" என்றேன்.

உங்கள் முகத்தை நீங்கள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். "நம்ம பயலுவளாக்கும்!" என்று சிரித்தீர்கள். கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கம் ஓடியது. நான் அதோடு விட்டிருக்கலாம். நீங்கள் விடவில்லையே. "உனக்க ரெத்தமும் உண்டா மக்கா?" என்று கேட்டீர்கள்.

"உண்டு அப்பா" என்றேன்.

ஊசி ஏறிய உங்கள் கையை மற்றக் கையால் மெல்லத் தடவிக்கொண்டே இருந்தீர்கள். பிள்ளை தலையைத் தடவுவதுபோல. சாயந்தரம் மறுபடியும் இரத்தம் வந்தது. தருவதற்கு ஆள் இல்லை. வயிற்றைத் திறக்கவில்லை. அவ்வளவுதான்.

இப்போது சொல்லுங்கள், அந்தத் துண்டு என் தோளில் எப்படி இருக்கும்?

இனி கமலத்தின் கதை. செல்லையா மாமாவின் மகளைத் தெரியுமே, ரெட்டைச் சடையோடு நம் கடைக்கு வந்து மிட்டாய் கேட்பாள். அவளுக்குப் பிரசவம். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது, ஆனால் இரத்தப்போக்கு நிற்கவில்லை. அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மருமகன் ஒரு குப்பி கொடுத்துவிட்டான், இன்னும் வேண்டும் என்றார்கள். மாமா கேட்காத சொந்தம் இல்லை. ஒருத்தருக்குக் காய்ச்சல், ஒருத்தருக்கு வயலில் அறுப்பு, ஒருத்தர் வெள்ளறடைக்குப் போயிருக்கிறார். கடைசியில் நம் கடைக்கு வந்தார். நான் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் பெஞ்சில் உட்காரவில்லை. உங்கள் படத்துக்கு நேரே நின்றுகொண்டு, அதைப் பார்க்காமல், "மக்கா… எனக்க கமலத்துக்கு…" என்றார்.

அந்த நேரத்தில் எனக்கு இனித்தது அப்பா. ஒளிப்பானேன்? வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருகிறேன் மாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. அங்கே ஒருத்தி செத்துக்கொண்டிருக்கிறாள், நான் இங்கே பதிலுக்குப் பதில் தேடிக்கொண்டிருந்தேன். உங்கள் மகளுக்கு இப்படியும் ஒரு மனசு. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, "நடங்க மாமா" என்றேன். அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். இந்தத் தடவை என் கையைப் பிடிக்கவில்லை. பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்துக் கொடுத்தாள்.

விரலில் குத்திப் பார்த்தார்கள். சேரும் என்றார்கள். கட்டிலில் படுத்ததும் ஊசியைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அங்கிருந்த நர்ஸ் சிரித்தாள். "பேடிக்கண்டா மோளே, கிணத்துல கோரின வெள்ளம் மாதிரி திரும்பவும் ஊறும்" என்று பயம் தெளிவித்தாள். நாரத்தை முள் குத்துகிற வலி. கொஞ்ச நேரம் கையை மூடித் திறக்கச் சொன்னாள். குப்பி நிறைந்தது. எழுந்து உட்கார வைத்து ஒரு காப்பி கொடுத்தார்கள். முடிந்துவிட்டது.

இவ்வளவுதானா அப்பா? இதற்காகவா உங்களை விட்டோம்? அந்தக் காப்பியை அப்படியே கீழே வைத்துவிட்டேன். வலித்திருந்தால், மயங்கி விழுந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு எல்லாரும் ஓடியது இந்தச் சின்ன ஊசிக்கு. நான் அப்பாடா என்றதும் இதற்குத்தான்.

வெளியே வந்தால் மாமா சுவரோரம் நிற்கிறார். "எனக்கதும் எடுக்கச் சொல்லு மக்கா" என்றார். அவருடையது கமலத்துக்குச் சேரவில்லை. பரவாயில்லை, வேறொருவருக்கு ஆகும், அதற்குப் பதில் கமலத்துக்குச் சேருகிற குப்பியை இருப்பிலிருந்து தருகிறோம் என்றார்கள். படுத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியதும் என்னைக் கூப்பிட்டு, காதோடு கேட்டார்:

"கடைசிச் சொட்டு வரைக்கும் எடுத்துருவாவளா மக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. பிறகு கட்டிலில் படுத்தபடியே அவர் அழ ஆரம்பித்தார். "அண்ணாச்சி… அண்ணாச்சி…" என்று உங்களைத்தான் கூப்பிட்டார். நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கமலம் பிழைத்துக்கொண்டாள். பெண் குழந்தை. நல்ல தொண்டை, உங்களுக்குப் போட்டி.

அதற்குப் பிறகுதான் மாமா மலருக்கு எழுதச் சொல்லி வந்தார். வாசல் வரை போனவர் திரும்பி நின்று, "நடந்ததயே எழுது. எனக்க பேரையும் போடு" என்றார். போட்டுவிட்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அவரும் இரத்தம் தரச் சொல்லி வீடு வீடாகப் போகிறோம். உங்கள் தகரக் குழலை அவர் எடுத்துக்கொண்டு வந்தார். கொல்லயில் முக்கில் அதை வாயில் வைத்தார், உடனே இறக்கி என்னிடம் நீட்டிவிட்டார். நான் குழல் இல்லாமலே பேசினேன். பனை ஏற முடியாதாம், கண் மங்கிப்போகுமாம், பிள்ளை பிறக்காதாம், ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இரத்தம் கேட்டு அலைகிற பெண்ணு என்று எனக்குப் பெயரும் வைத்தாயிற்று. வைக்கட்டும். இரத்தம் கொடுத்த கையாலேயே நான் அடுத்த நாள் கல்லில் மாவாட்டினேன், மாமா வாழைக்குத் தண்ணீர் கோரினார். அதைத்தான் சொல்கிறோம். இதைப் படிக்கிறவர்களுக்கும் அதுதான். கடைசிச் சொட்டை யாரும் கேட்கவில்லை ஐயா, ஒரு குப்பிதான். உங்களுக்கு அது ஒரு காலை நேரம். எனக்கு அது அப்பாவோடு ஒரு பகல். அந்தப் பகலைத் தந்தவர் லாசர்.

நினைவு நாளன்று மேடையில் இந்தத் துண்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இந்தக் கடிதத்தை வாசிக்கப் போகிறேன். லாரியில் தொற்றியவர்கள் எல்லாரும் முன்வரிசையில்தான் இருப்பார்கள். திட்ட மாட்டேன். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகிற முதல் பஸ்ஸுக்கு வாருங்கள் என்று மட்டும் கேட்பேன். யார் வருவார்கள்? தெரியாது. வராதவர்கள் வீட்டுக்கு அடுத்த ஞாயிறு போவேன், அதற்கடுத்த ஞாயிறும் போவேன். உங்களிடம் நான் சொன்ன வரிசையை நிறுத்திக் காட்டுவேன் அப்பா. இது சத்தியம். முதலில் நான் நின்றுவிட்டேன், இரண்டாவது செல்லையா மாமா.

"உனக்க ரெத்தமும் உண்டா மக்கா?" என்று கேட்டீர்களே.

இப்போது உண்டு அப்பா. உங்களிடம் இல்லை. கமலத்திடம் இருக்கிறது.

உங்கள் கையருகே உட்கார்ந்து பொய் சொன்ன மகள்,
தங்கம்